கெண்டைக்காலுக்கு நீல பார்டர்

விஜி என் கெண்டைக்காலில் அந்த நீலப் பட்டையை முதன்முதலாக ஒட்ட வந்தபோது நான் கேட்டது ஒரே கேள்விதான்.

"இது காட்டனா, பாலியஸ்டரா?"

"தெரபி டேப்புடி இது. உங்க வீட்டுத் தறியில ஓட்டுற துணி இல்ல. கையை எடு."

தறி வீட்டில் பிறந்தவளிடம் எந்தத் துணியை நீட்டினாலும் முதலில் நெருடித்தான் பார்ப்பாள். கல்யாண வீட்டில் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் முந்தானையைப் புரட்டிப் பார்க்கிற கூட்டம் நாங்கள். நானும் நெருடினேன். பருத்தி இழை, உள்ளே ரப்பர் நூல், பின்பக்கம் கோந்து. நீளவாக்கில் இழுத்தால் போகிறது, விட்டால் திரும்பி வருகிறது. நல்ல சரக்குதான். ஆனால் அடுத்த வாரமே இந்த விரல் அரிப்பு எங்கள் இரண்டு பேரையும் சந்தி சிரிக்க வைத்தது.

விஜியும் நானும் திருத்தணியில் ப்ளஸ் டூ வரை ஒரே பெஞ்ச். பிறகு அவள் சென்னையில் பிசியோதெரபி படிக்கப் போனாள். தினமும் காலையில் ரயில், சாயங்காலம் ரயில். நான் எங்கேயும் போகவில்லை. ஆர்.கே.பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்னால் இருக்கிற பவர்லூம் கொட்டகைக்குள் போனேன். நான்கு தறிகள். இரண்டை நைனா பார்ப்பார், இரண்டை நான். இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், குறுக்கு நூலை இழுத்துப் போகிற நாடா நின்றால் ஓட வேண்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் உட்காரவே முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் டவுன் பஸ் பிடித்துத் திருத்தணிக்கு வந்துவிடுவேன். அங்கே எங்கள் வாலிபால் டீம். பன்னிரண்டு பெண்கள், ஒன்றரை பந்து. அரை பந்து என்றது காற்று நிற்காத பந்தை. முரளிதரன் சார்தான் கோச். ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஆடுவோம். வலைக்கு முன்னால் எகிறி அடிக்கிறவள் நான். டீமில் என்னை விட உயரமானவர்கள் மூன்று பேர் இருந்தும் அந்த இடம் என்னுடையது. இதைத் தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வைகாசி மாதம் சார் ஒரு தாளை எடுத்துவந்து நீட்டினார். சென்னைப் பக்கம் ஒரு பெரிய கம்பெனி தன்னுடைய பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிறது. தேர்வானால் அங்கேயே வேலை, அங்கேயே பயிற்சி. வயது இருபத்திரண்டுக்கு மேல் போகக் கூடாது. எனக்கு ஆவணியில் இருபத்திமூன்று. நின்ற இடத்திலிருந்து நாற்பத்தைந்து சென்டிமீட்டர் எகிற வேண்டும். எகிறாதவர்களைப் பந்தைத் தொடவே விட மாட்டார்கள்.

நான் எகிறுவது நாற்பத்திரண்டு. மூன்று சென்டிமீட்டர் என்றால் ஒரு புடவை பார்டரில் பாதிகூட இல்லை. ஆனால் எனக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அந்த மூன்று சென்டிமீட்டர் மட்டும்தான்.

சரியாக அந்த நேரம் பார்த்து விஜி வந்தாள். கடைசி வருடப் ப்ராஜெக்ட். டிவியில் விளையாட்டுக்காரர்கள் கலர் கலராகக் காலில் ஒட்டிக்கொண்டு வருகிறார்களே, அந்த டேப்பால் தசைக்கு உண்மையிலேயே பலம் கூடுகிறதா என்று பார்க்கப் போகிறாளாம். கெண்டைக்காலில் ஒட்டி, எகிறவைத்து, அளந்து எழுத வேண்டும். அதற்கு எங்கள் பன்னிரண்டு பேரும் வேண்டும்.

"முதல் ஞாயிறு டேப் இல்ல. அடுத்த ரெண்டு ஞாயிறும் ஒட்டுவேன்," என்றாள். "ஒரே கண்டிஷன். ஒட்டும்போது என்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது. கேட்டா ப்ராஜெக்ட் கெட்டுடும்."

ஒரு படிவத்தில் கையெழுத்தும் வாங்கினாள். ஆங்கிலத்தில் மூன்று பக்கம். பின்பக்கம் தமிழிலேயே எல்லாம் விளக்கியிருந்தது. அதையும் எங்களில் ஒருத்தியும் படிக்கவில்லை.

அளக்கிற வித்தை சுலபமானது. விரல் நுனியில் வெள்ளைப் பொடி தொட்டுச் சுவரோரம் நின்று கையை உயர்த்தி ஒரு கோடு, எகிறி ஒரு கோடு. நடுவில் இருக்கிற தூரம்தான் கணக்கு. முதல் ஞாயிறு விஜி சாக்பீஸ் பொடியை மறந்து வந்துவிட்டாள். திருத்தணியில் வெள்ளைப் பொடிக்கா பஞ்சம்? வாட்ச்மேன் ஆதிகேசவன் அண்ணன் தன் மேசை டிராயரிலிருந்து விபூதி பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு பேர், ஆளுக்கு மூன்று தடவை, மூன்று மூன்று விரலாகச் சுவர் முழுக்க விபூதிப் பட்டை. மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பம் மைதானக் கதவோரம் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தச் சுவரைப் பார்த்துக் கும்பிட்டுப் போனது. சுவரைத் துடைக்கலாம் என்று விஜி துணியை நனைத்தபோது ஆதிகேசவன் அண்ணன் குறுக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது, ஜனங்க கும்பிட்டுகினு போறாங்க, நீ அழிக்கிறேன்ற? முருகன் கோச்சுக்குவாரு. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஆகையால் அடுத்த ஞாயிறுகளில் பழைய கோடுகளுக்கு நடுவிலேயே புதுக் கோடு தேட வேண்டியதாயிற்று.

முதல் ஞாயிறு எனக்கு நாற்பத்திரண்டு. இரண்டாம் ஞாயிறு டேப்போடு, அதே நாற்பத்திரண்டு. எனக்கு ஏமாற்றம்தான். கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாளே, அதனால் கேட்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு அறைக்குள் உட்காரவைத்து ஒட்டினாள். ஒட்டி முடித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டை தளதளவென்று கிடந்தது, துளிக்கூட இழுவை இல்லை. போன வாரம் ஓரளவு இழுத்து ஒட்டியவள் இந்த வாரம் ஸ்டிக்கர் பொட்டு மாதிரி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இழுவை தெரியாமல் எங்கள் பிழைப்பு நடக்குமா? தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவில் ஒரு இழை தளர்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்வேன்.

பாவம், தினமும் ரயிலில் போய்வந்து களைத்திருக்கிறாள், கை ஓடவில்லை என்று நினைத்தேன். சொன்னால் சங்கடப்படுவாள், ப்ராஜெக்டும் கெட்டுவிடும். அதனால் அவள் அடுத்தவளைக் கூப்பிட்ட நேரத்தில் சுவருக்குப் பின்னால் போனேன். ஒரு முனையை மெல்ல உரித்தேன், விறைக்க விறைக்க இழுத்தேன், மறுபடி ஒட்டி நன்றாகத் தேய்த்துவிட்டேன். பக்கத்தில் சினேகா நின்றாள். எங்கள் தெருதான், அவளும் தறி வீட்டுப் பெண்.

"அக்கா, எனக்கும் தொளதொளன்னு இருக்குது," என்றாள்.

"காட்டு," என்றேன். அவளுக்கும் இழுத்துவிட்டேன்.

பிறகு எகிறினேன். விஜி ஸ்டூலில் ஏறி நின்று இஞ்ச் டேப்பு வைத்து அளந்தாள். இறங்கினாள். மறுபடி ஏறி அளந்தாள்.

"நாப்பத்தாறு!"

சினேகாவுக்கும் மூன்று சென்டிமீட்டர் கூடியிருந்தது. நான் அந்த மைதானத்தை ஒரு சுற்று ஓடி வந்தேன். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். மனதுக்குள் எனக்கே எனக்கு ஒரு கும்பிடும் போட்டுக்கொண்டேன். நான் மட்டும் இழுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அந்த மூன்று நாட்கள் என் அலட்டலைப் பார்த்திருக்க வேண்டும். டேப்பை உரிக்கவே இல்லை. பாவாடையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு தறிக்கு நடுவே நடந்தேன். எதிர்வீட்டுப் புஷ்பலதா அக்கா வந்து குனிந்து பார்த்தாள்.

"இன்னாடி பானு, காலுக்கு பார்டர் போட்டுகினு இருக்க? முந்தி எங்க?"

"முந்தி சென்னையில இருக்குதுக்கா. போய் வாங்கியாரணும்."

புதன்கிழமை கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வருகிற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு தேர்வு. என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று ஒரு பட்டியல், என்னென்ன கூடாது என்று ஒரு பட்டியல். இரண்டாவதில் நான்காவது வரி: அளவுத் தேர்வின்போது கால்களில் எந்த விதமான ஒட்டுப் பட்டையும் அனுமதிக்கப்படாது.

நைனாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். சாயங்கால ரயிலுக்குத் திருத்தணி ஸ்டேஷனில் காத்திருந்தேன். விஜி இறங்கியதும் கடிதத்தை நீட்டினேன். படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளைத் தண்டவாளத்தில் தள்ளியிருப்பேன்.

"சிரிக்காதடி. டேப் இல்லாம நான் நாப்பத்திரண்டுதான்."

"லூசு. இங்க உக்காரு. ப்ராஜெக்ட் முடியற வரைக்கும் சொல்லக் கூடாதுதான். ஆனா உன் மூஞ்சியப் பாத்தா சொல்லாம இருக்க முடியல." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு ஞாயித்துக்கிழமையில ஒண்ணு நிஜ டேப், கால்வாசி இழுத்து ஒட்டுவேன். இன்னொண்ணு பொய் டேப். இழுக்காம சும்மா ஒட்டுவேன். யாருக்கு எந்த வாரம் எதுன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டேன். நீ நாப்பத்தாறு எகிறினியே, அன்னிக்கு உனக்கு ஒட்டுனது பொய் டேப்புடி! டேப்புல ஒண்ணும் இல்ல. அந்த நாலு சென்டிமீட்டரும் உன் கால்ல இருந்துதான் வந்துச்சு. பன்னெண்டு பேரையும் சராசரி போட்டுப் பாத்துட்டேன், நிஜ டேப்புக்கும் பொய் டேப்புக்கும் வித்தியாசமே இல்ல. ரிப்போர்ட்டுகூட பாதி எழுதிட்டேன். திங்கக்கிழமை குடுக்கணும்."

அவள் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் ரிப்போர்ட் பிழைத்துப்போகும். ஆனால் அது பொய் ரிப்போர்ட். அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போகிற பொய். அதை விட, எனக்கு உண்மை தெரியாமல் போய்விடும். அந்த நாற்பத்தாறு என் காலா, என் இழுவையா? அது தெரியாமல் அந்தச் சென்னைச் சுவருக்கு முன்னால் எப்படிப் போய் நிற்பேன்?

"விஜி, அது பொய் டேப் இல்ல."

"இன்னாடி சொல்ற?"

"தொளதொளன்னு இருந்துச்சு. உனக்குச் சரியா ஒட்ட வரலன்னு நெனச்சு... நானே உரிச்சு இழுத்து ஒட்டிகினேன். சினேகாவுக்கும் இழுத்துவிட்டேன்."

அவள் முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரயில் கிளம்பிப் போனது. பிளாட்பாரத்தில் கூட்டம் குறைந்தது. பிறகுதான் ஆரம்பித்தாள். வேலியில் போன ஓணானில் தொடங்கி என் ஏழு தலைமுறை வரைக்கும் போனாள். "கேக்கக் கூடாதுன்னுதான சொன்னேன், நோண்டலாம்னா சொன்னேன்?" என்று அவள் கத்தியபோது டிக்கெட் கவுன்டர்க்காரர் எட்டிப் பார்த்தார். கடைசியில் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தப்பு முழுக்க என்னுடையது.

அவளுடைய மேடத்துக்கு அங்கிருந்தே போன் போட்டாள். நான் அந்தப் பக்கத்துக் குரலைக் கேட்க முயன்றேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அவர்கள் இருவரின் அந்த வார அளவை நீக்கிவிட்டு மறுபடி எடு, நடந்ததை அப்படியே ரிப்போர்ட்டில் எழுது என்று சொன்னாராம்.

நான்காம் ஞாயிறு மறுபடி சுவர். இந்த முறை விஜி எங்களை நம்பவில்லை. டேப் ஒட்டியதிலிருந்து எகிறப் போகிற வரைக்கும் நானும் சினேகாவும் இரண்டு கையாலும் காதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று உத்தரவு. பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுகிறவர்கள் மாதிரி நின்றோம். ஆதிகேசவன் அண்ணன் தன் பங்குக்கு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுவும் நல்ல வேண்டுதல்தான்," என்றார்.

டேப் இல்லாமல் எனக்கு நாற்பத்திரண்டு. பொய் டேப்போடு நாற்பத்தொன்று. நிஜ டேப்போடு நாற்பத்திரண்டு.

"இப்ப உன் ஸ்டைல்ல இழுத்து ஒட்டு. அதையும் பாத்துடுவோம்," என்றாள் விஜி.

விறைக்க இழுத்து ஒட்டினேன். எகிறினேன். நாற்பத்திரண்டு. டேப்பை உரித்தபோது முனையில் தோல் கொப்பளித்துச் சிவந்திருந்தது. அதிகமாக இழுத்தால் பலம் வராது, புண்தான் வரும் என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தையும் நேராக்கிப் பார்த்துவிட்டேன். அந்த நாற்பத்தாறு எங்கேயும் இல்லை. சுவரில் போன வார விபூதிக் கோடு மட்டும் எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. உட்கார்ந்து அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

விஜி என்னைத் தேற்றவில்லை. நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"பானு, மூணாவது ஞாயிறு நீங்க ரெண்டு பேர் மட்டும் இல்லடி. நம்ம டீம்ல இருக்குற பள்ளிப்பட்டு அக்கா தங்கச்சிக்கும் மூணு மூணு கூடியிருக்குது. அவங்களுக்கு அன்னிக்கு நிஜ டேப். மத்த எட்டு பேருக்கு ஒண்ணும் மாறல. சராசரி போட்டதுல இது மறைஞ்சு போச்சு."

"அவங்களும் நோண்டிட்டாங்களோ?" என்றேன்.

"இல்ல, எல்லாரையும் கேட்டுட்டேன். நீங்க நாலு பேரும் அன்னிக்கு இன்னா சாப்ட்டீங்க?"

சினேகாதான் பதில் சொன்னாள். காதிலிருந்து இன்னும் கையை எடுக்காமல் நின்றிருந்தாள். "சாப்பாடா? எப்பவும் போலத்தான். அன்னிக்குத்தான்க்கா கரண்டே இல்லியே."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்த வெள்ளிக்கிழமை காலை சப்-ஸ்டேஷனில் ஏதோ வெடித்து, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு இரண்டு பக்கமும் ஞாயிறு மத்தியானம் வரைக்கும் தறி ஓடவில்லை. தெருவே விசேஷ நாள் மாதிரி அமைதியாக இருந்தது. நான் இரண்டு நாளும் தூங்கினேன். சாப்பிட எழுந்தேன், மறுபடி தூங்கினேன். டீமில் தறி வீட்டுப் பெண்கள் நான்கு பேர். மற்ற எட்டு பேரும் நெல், கரும்பு வீடுகள்.

"நாலு பேரும் தறிக்காரிங்க," என்றாள் விஜி மெதுவாக. "தசைக்கு ஓய்வுடி. நீ வாரம் பூரா பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு ஞாயித்துக்கிழமை வந்து எகிறுற. அந்த நாப்பத்தாறுதான் உன்னோட நெஜ அளவு. மத்த நாள்ல நீ எகிறுனது களைச்ச காலோட."

தேர்வுக்கு முன்னால் இரண்டு நாள் தறியில் நிற்காதே. அவ்வளவுதான் மருந்து. கேட்க எவ்வளவு சுலபம்!

திங்கட்கிழமை விஜி ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். நைனாவிடம் அவளே பேசுவதாகச் சொன்னாள். என் நைனா பங்காரு அதிகம் பேசாதவர். நான்கு தறிச் சத்தத்தில் முப்பது வருடம் இருந்தவருக்குப் பேச்சில் நம்பிக்கை போய்விட்டது. விஜி நோட்டைக் காட்டித் தொண்டை கிழிய விளக்கினாள். அவர் இழை முடிச்சுப் போட்டுக்கொண்டே, "ஆங்... ஆங்..." என்றார். முடிவில், "ஆடிக்கு முன்னாடி சரக்கு போய்ச் சேரணுமேம்மா," என்றார். விஜி என்னைப் பார்த்தாள். காபி குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்குத்தான் தாங்கவில்லை. அவள் போன பிறகு அவர் முன்னால் போய் நின்றேன்.

"நைனா, தறியை நிறுத்துனா பாவைத் தளத்தி விடுறீங்க. இல்லாட்டி துணியில கோடு வுழுந்துடும்னு. என்னை ஒரு நாளாச்சும் தளத்தி விட்டீங்களா?"

ஏழு வயதிலிருந்து அவரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. அவர் கையில் இருந்த இழை அறுந்தது. குனிந்து முடிச்சுப் போட்டார். நானும் போய் என் தறிகளுக்கு நடுவே நின்றேன். செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் நின்றேன். கால் இரண்டும் கருங்கல்லாகக் கனத்தன. நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு என்றே தறி அடிப்பதாகக் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை கொட்டகைக்குள் போனால் தறிகள் நின்றிருந்தன. நைனா மீட்டர் பெட்டிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"ஃபியூஸ் போச்சு," என்றார் என்னைப் பார்க்காமல். "லைன்மேன் பிரகாஷ் சித்தூருக்குக் கல்யாணத்துக்குப் போயிகிறானாம். திங்கக்கிழமைதான் வருவான்."

"எதிர்வீட்ல ஓடுதே நைனா."

"அது வேற லைனு. போ, போய்ப் படு."

முருகா, உனக்கு என்மேல் இவ்வளவு கருணையா என்று நினைத்தேன். இரண்டு நாள் தூங்கினேன். தெரு முழுக்கத் தறி இரைந்தது. எங்கள் வீடு மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தது. நைனா தெருவில் இங்கேயும் அங்கேயும் நடந்தார். புஷ்பலதா அக்கா, "இன்னாண்ணா, உங்க வீட்ல மட்டும் தனி கரண்ட் கட்டா?" என்று கிண்டல் செய்தது தூக்கத்தில் கேட்டது. அம்மா இரண்டு வேளையும் முட்டை வைத்தாள். மாமியார் வீட்டுக்கு வந்த மருமகப்பிள்ளையைக் கூட இப்படிக் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஞாயிறு காலை ரயிலில் முரளிதரன் சாரும் விஜியும் கூட வந்தார்கள். அங்கே ஒரு பெரிய உள்ளரங்கு, பளபளவென்று தரை, சுவரில் கோடு போட்ட பலகை. கோந்து தடவிய பட்டை ஏதாவது இருக்கிறதா என்று ஒரு அம்மாள் எங்கள் கால்களைத் தடவிப் பார்த்தாள். மூன்று வாய்ப்பு. முதல் முறை நாற்பத்துநான்கு. வரிசையில் பின்னால் நின்றவள் உச்சுக்கொட்டியது கேட்டது. இரண்டாம் முறை பதற்றத்தில் கால் நழுவி நாற்பத்துமூன்று.

மூன்றாம் முறைக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டேன். காலை மட்டும் நினைத்துப் பார்த்தேன். கனம் இல்லை. கெண்டைக்கால் இரண்டும் லேசாக, என்னுடையவையாக இருந்தன. எகிறினேன்.

"ஃபார்ட்டி சிக்ஸ்," என்றாள் அந்த அம்மாள், அது ஒரு சாதாரண எண் மாதிரி.

மத்தியானம் ஆடவைத்துப் பார்த்தார்கள். ஆட்டத்தில் எனக்குப் பயம் இல்லை, அது வரைக்கும் போக விட்டால் போதும் என்றுதான் இருந்தேன். மூன்று மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். பதினொன்றாவது பெயர்: பி. பானுப்ரியா. விஜி என்னை விட உயரமாக எகிறினாள். அன்றைக்கு அவளை யாராவது அளந்திருக்க வேண்டும்.

ஆர்.கே.பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. டீக்கடையில் லைன்மேன் பிரகாஷ் அண்ணன் நின்றிருந்தார்.

"சித்தூர்ல இருந்து எப்பண்ணா வந்தீங்க?"

"சித்தூரா? நான் எங்கயும் போகலியேம்மா. வெள்ளிக்கிழமைகூட உங்க நைனாவும் நானும் இங்கதான் டீ குடிச்சோம்."

"எங்க வீட்ல ஃபியூஸ் போச்சுன்னு சொன்னாரா?"

"இல்லியே."

வீட்டுக்கு நடந்தேன். தெருவில் எல்லாத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் கொட்டகை வாசலில் நைனா முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"நாப்பத்தாறு," என்றேன். "லிஸ்ட்ல பேரு வந்துருச்சு."

"ஆங்," என்றார். இன்னொரு தடவை, "ஆங்," என்றார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

நான் கையை நீட்டினேன். "குடுங்க நைனா."

"இன்னாது?"

"பிரகாஷ் அண்ணனைப் பாத்தேன்."

தரையைப் பார்த்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ். கம்பி அறாமல், முழுசாக இருந்தது. இரண்டு நாளாக உடம்போடு வைத்திருந்ததில் சூடாக இருந்தது. ஆடி பிறக்க ஒன்பது நாள் இருந்தது, ஒரு பாவுகூட முடியவில்லை.

தோள் பையைக் கீழே வைக்கக் குனிந்தபோதுதான் அவர் காலைப் பார்த்தேன். மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருந்தது. நான் பிறந்ததிலிருந்து என் கண் முன்னால்தான் நின்றுகொண்டிருக்கிறார். நான் பார்த்ததே இல்லை.

"நான் போய் மாட்டிடறேன்," என்று கையை நீட்டினார். "ராத்திரி ரெண்டு தறியாச்சும் ஓடட்டும்."

நான் ஃபியூஸை என் பையில், ஜெர்சிக்கு அடியில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.

"லைன்மேன் திங்கக்கிழமைதான் வருவாரு நைனா. நீங்க போய்ப் படுங்க."